பிளஸ் நாற்பது

கடல் வற்றிய நேரம்.
தோன்யா எர்மினியா சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது.
எலெயுத்தேரியோ வயிற்றடியில் ஊர்ந்து போனவன்
வேறு ஆளாக வெளியே வந்தான்.
உள்ளங்கையில் அடித்தட்டு வால்வின் விளிம்பு,
பல் பிடுங்கிய ஈறின் நிறத்தில்.
நசுக்கினால் உதிர்கிறது.
பித்தளை பிஸ்கட் ஆகுமா?

"உன் படகுதான்" என்றான்.
"உன் சார்ஜரில் ஒழுகுகிற கரண்டு
என் படகைத் தின்கிறது."

கெய்யோன் துறை முழுக்கக் கேட்டது.
கடல்முள்ளி இறக்கிக்கொண்டிருந்தவர்கள்
கூடையை வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.
ஆறு வருஷமாக அடுத்தடுத்துக் கட்டிய படகுகள்.
அவன் உருளைக்கிழங்கு மூட்டை என் தளத்தில் கிடக்கும்,
என் வலை அவன் கூரையில் காயும்.
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
மழை புகுந்தது.

ஒன்றை மட்டும் பார்த்து வைத்தேன்.
சுழல்தண்டில் பூட்டிய துத்தநாகக் கட்டி
வாங்கிய நாள் போல முழுசாக இருந்தது.
கரைக் கேபிள் வழியாக என் வினை வந்திருந்தால்
முதலில் கரைய வேண்டியது அதுதான்.
வாசலில் காவல் நிற்பவனைத் தொடாமல்
உள்ளே தூங்குபவனை அடிக்கிற திருடன்
வெளியிலிருந்தா வருவான்?

இரவு நீர் ஏறியதும் மீட்டரோடு போனேன்.
அவன் நகர்ந்து வழிவிட்டான், அவ்வளவே.
வெள்ளி மின்வாயைக் கடலில் தொங்கவிட்டேன்,
மறுமுனையை வால்வில் கடிக்கவிட்டேன்.
பிளஸ் நாற்பது.

என் கேபிளைப் பிடுங்கினேன். பிளஸ் நாற்பது.
அவன் கேபிள். பிளஸ் நாற்பது.
ரேடியோ, விளக்கு, மீன் தேடும் கருவி,
கடைசியில் மெயின் சுவிட்ச்.
இருட்டு.
இருட்டில் அந்த எண் மட்டும்.
எல்லாரும் படுத்துவிட்ட வீட்டில்
யாரோ சில்லறை எண்ணுவது மாதிரி.

"மெயினுக்குப் போகாத ஒயர் ஏதாவது?"
விறகடுப்பைக் கிளறினான்.
மாத்தேக் குவளையை வைத்தான், எடுத்தான்.
"பம்ப்."

ஃபியூஸைப் பிடுங்கியதும்
மைனஸ் இருநூற்று எழுபது.
செருகினால் பிளஸ் நாற்பது.
மூன்று தடவை அவனே பிடுங்கி அவனே செருகினான்,
எண் மனசு மாறுமென்று.

பலகையைத் தூக்கினோம்.
எண்ணெய் மிதக்கும் அடிநீரில்
முறுக்கிச் சுற்றிய ஒயர் இணைப்பு.
கறுப்பு டேப் வால் அவிழ்ந்து ஆடியது.
உள்ளே செம்பு பச்சைப் பொடியாக.

அந்த டேப்பை எனக்குத் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்,
வடக்குக் காற்று, முழங்காலுக்குத் தண்ணீர்,
பம்ப் நின்றுபோயிருந்தது.
அவன் குப்புறப் படுத்து ஒயரை முறுக்கினான்.
நான் டார்ச் பிடித்தேன்,
கத்தி கிடைக்காமல் டேப்பைப் பல்லால் அறுத்தேன்.
பம்ப் இருமி, துப்பி, ஓடியது.
கட்டிப்பிடித்துக்கொண்டோம்.
"நாளைக்கு ஒழுங்காகச் செய்கிறேன்" என்றான்.
நாளைக்கு வெயில் அடித்தது,
முள்ளி விலை ஏறியிருந்தது.

அன்றிலிருந்து அந்த இணைப்பு
வந்த தண்ணீரை ஒரு பக்கம் வெளியேற்றிக்கொண்டு
இன்னொரு பக்கம் அது வருவதற்கு
வாசல் அரித்துக்கொண்டிருந்தது.
கோணலான அந்த டேப் முனை
என் பல்லின் அச்சு.
டார்ச்சைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

பிறகு வேலை.
அழுகிய ஒயரை மொத்தமாக உருவினோம்.
ஈயம் பூசிய புது ஒயர்,
நீர் எட்டாத உயரத்தில் ஒரே இணைப்பு,
பசை உருகி வழியும்வரை சூடு காட்டிய உறை.
அடுத்த வற்றத்துக்கு நல்ல வெண்கல வால்வு.
அதுவரை பக்கத்திலேயே ஒரு மரக்கட்டை அடைப்பான்,
சுத்தியலோடு.

காலையில் துறைமேடையில் போய் நின்று
"என் பம்ப்தான்" என்றான் சத்தமாக.
கேட்க முள்ளிக்காரர்கள் இரண்டு பேரும்
ஒரு கடற்காகமும்தான் இருந்தார்கள்.
மன்னிப்பெல்லாம் இல்லை.
டேப் கதையை நானும் சொல்லவில்லை.

திரும்பி வந்து
என் மீட்டரைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.
"உன் படகையும் ஒருதரம் பார்த்துவிடலாமா?"

எனக்குத் திடீரென்று
தூக்கம் தூக்கமாக வந்தது.